கல்லணை முதல் பூம்புகார் வரை: ஒரு சாலையைப் படித்தல்

(சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



உள்ளூர் வரலாற்றை வகுப்பறைக்குக் கொண்டுவருவது பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். உள்ளூர் வரலாறு என்றதும் நாம் உடனே கோயிலுக்குப் போகிறோம், கோட்டைக்குப் போகிறோம். கோயிலும் கோட்டையும் இல்லாத ஊர்ப் பள்ளி ஆசிரியர் என்ன செய்வார் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் எந்த ஊருக்கும் ஒரு சாலை உண்டு. ஆகையால் இன்று ஒரு சாலையைப் பற்றிப் பேசப்போகிறேன். மாநில நெடுஞ்சாலை எண் 22. மக்கள் வாயில் அது கல்லணை – பூம்புகார் சாலை.

சாலையோரத்துக் கிலோமீட்டர் கல்லைப் பார்த்திருப்பீர்கள். தலைப்பகுதி மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை. பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. நம்முடையது பச்சைக் கல். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். தினமும் அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்து பேருந்துக்குக் காத்திருக்கும் பிள்ளைக்கே நிறத்தின் பொருள் தெரிந்திருக்காது. தெரிந்துகொண்ட பிறகு எந்தக் கல்லையும் பார்க்காமல் போகமாட்டான்.

கல்லணையில் தொடங்கும் சாலை தோகூர், கோவிலடி, திருக்காட்டுப்பள்ளி, நடுக்காவேரி வழியாகத் திருவையாறு வருகிறது. அங்கிருந்து திருப்பழனம், திங்களூர், கணபதி அக்ரகாரம், கபிஸ்தலம், சுவாமிமலைப் பக்கமாகக் கும்பகோணம். பிறகு திருபுவனம், திருவிடைமருதூர், ஆடுதுறை, நரசிங்கம்பேட்டை, குத்தாலம், மயிலாடுதுறை. அதற்கும் கிழக்கே மன்னம்பந்தல், செம்பனார்கோயில், மேலையூர் கடந்து பூம்புகார்க் கடற்கரை. நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் இந்த வழியில் தஞ்சாவூர், மயிலாடுதுறை என்று இரண்டு மாவட்டங்கள். 1991 வரை இவை ஒரே தஞ்சாவூர் மாவட்டம். அந்த ஆண்டு நாகப்பட்டினம் பிரிந்தது. 2020 டிசம்பரில் அதிலிருந்து மயிலாடுதுறை பிரிந்தது. சாலைக்கு எண் மாறவில்லை, மேலே பலகைகளில் மாவட்டப் பெயர் மட்டும் மாறியது.

இந்தச் சாலை ஏன் இங்கே ஓடுகிறது? இதுதான் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. விடை புவியியல் பாடத்தில் இருக்கிறது. டெல்டாவில் ஓடும் ஆறு வெள்ளம் வரும்போதெல்லாம் கரையோரத்தில் வண்டலையும் மணலையும் போட்டுவிட்டுப் போகும். பருமனான மணல் ஆற்றுக்குப் பக்கத்திலேயே தங்கும். நுண்ணிய வண்டல் தூரம்வரை போகும். பல நூற்றாண்டு இப்படி நடந்தால் ஆற்றங்கரை மேடாகும், தள்ளியிருக்கும் வயல் பள்ளமாகும். மேட்டில் குடியிருப்பு, கோயில், தோப்பு, பள்ளத்தில் நெல். காவிரிக் கரை ஊர்களின் அமைப்பைப் பாருங்கள், எல்லாம் இப்படித்தான் இருக்கும். மழைக்காலத்திலும் கால் பதியாமல் நடக்கக்கூடிய நிலம் ஆற்றின் ஓரத்து மேடு ஒன்றுதான். மனிதன் அதன் மேல் நடந்தான், பிறகு மாடு நடந்தது, வண்டி ஓடியது, தார் போட்டார்கள். பொறியாளர் வந்து கோடு போடும் முன்பே ஆறு கோடு போட்டுவிட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. நம் டெல்டாவில் ஆறுகள் மேற்கிலிருந்து கிழக்கே விசிறிபோல விரிகின்றன. ஆற்றோடு சேர்ந்து கிழக்கே போனால் பாலம் குறைவு. குறுக்கே வடக்கு தெற்காகப் போனால்தான் தொல்லை. திருவையாற்றிலிருந்து தஞ்சாவூருக்குப் போகும் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். பதின்மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது. அதற்குள் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து ஆறுகளைக் கடக்க வேண்டும். பாலங்கள் இல்லாத காலத்தில், ஐப்பசியில் அந்த ஐந்தையும் ஓடத்தில் கடந்தவனின் பாட்டை நினைத்துப் பாருங்கள். கிழக்கே போகிறவனுக்கு அந்தக் கவலை இல்லை. வடக்கே கொள்ளிடத்தைத் தாண்டுவது இன்னும் பெரிய காரியம். 1836-இல் அணைக்கரையில் கீழணை கட்டிய பிறகு, அந்த அணையே பாலமாகவும் பயன்பட்டது. நம் வட்டாரத்தில் அணையும் பாலமும் சாலையும் ஒன்றையொன்று சார்ந்தே வளர்ந்திருக்கின்றன.

ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். ஆடுதுறை, திருவாவடுதுறை, மயிலாடுதுறை. ஒரு வழியில் மூன்று துறைகள். துறை என்றால் ஆற்றில் இறங்குமிடம், ஓடம் சேருமிடம். குத்தாலத்துக்குத் தேவாரத்தில் பெயர் திருத்துருத்தி. துருத்தி என்றால் ஆற்றிடைக்குறை. இன்று குத்தாலத்தில் நின்றால் தீவு எதுவும் கண்ணில் படாது. பெயரில் மட்டும் பழைய ஆறு ஓடுகிறது. மயிலாடுதுறை இடையில் மாயூரம், மாயவரம் என்றானது. 1982-இல் பழைய பெயர் திரும்ப வந்தது. பேருந்து நடத்துநர்கள் இன்றும் மாயவரம் என்றே கூப்பிடுகிறார்கள். அதைத் தவறு என்று பிள்ளைகளைத் திருத்த வேண்டியதில்லை. இரண்டு பெயரும் வரலாறுதான்.

‘சாலை’ என்ற சொல்லையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பழைய இலக்கியத்தில் சாலை என்றால் பெரும்பாலும் கூடம், அறச்சாலை. பாடசாலை, தொழிற்சாலை, கோசாலை என்ற சொற்களில் அந்தப் பொருள் இன்னும் இருக்கிறது. நாம் சாலை என்பதை முன்னோர் வழி என்றார்கள். பெரிதாக இருந்தால் பெருவழி. சோழர் கல்வெட்டுகளில் நிலத்துக்கு எல்லை சொல்லும்போது பெருவழிக்குத் தெற்கு, வாய்க்காலுக்கு வடக்கு என்று வரும். கோவைப் பக்கம் ராஜகேசரிப் பெருவழி என்று பாறையில் பொறித்திருக்கிறார்கள். தருமபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கல் வேறு எதையும்விட நமக்கு முக்கியம். நாவற்தாவளம் என்ற ஊருக்கு 29 காதம் என்று அதில் எழுதியிருக்கிறது. எழுதியதோடு விடவில்லை. படிக்கத் தெரியாதவர் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி குழிகளும் வெட்டியிருக்கிறார்கள்; பத்துக்குப் பெரிய குழி, ஒன்றுக்குச் சிறிய குழி. எழுத்தறியாத வழிப்போக்கனை நினைத்து ஒரு கல் வெட்டினவர்களை எண்ணிப் பாருங்கள். இதை ஒன்றாம் வகுப்பில் பத்துகளும் ஒன்றுகளும் நடத்தும்போதே சொல்லலாம். கணக்குப் பாடம் வேறு, வரலாறு வேறு என்று பிரித்தது நாம்தான்.

இனி நம் வழிக்கு வருவோம். காவிரிக் கரை வழியைப் பற்றிய மிகப் பழைய விரிவான பயணக் குறிப்பு நம்மிடம் இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதைதான் அது. அதைக் கதையாகவே படித்துவிட்டுப் போகிறோம்; ஒரு சாலை அறிக்கையாகப் படித்ததில்லை. விடியும் முன் புகாரை விட்டுக் கிளம்பும் கோவலனும் கண்ணகியும் காவிரியின் வடகரை வழியாக மேற்கே நடக்கிறார்கள். ஒரு காதம் கடந்து கவுந்தியடிகளின் பள்ளியை அடைகிறார்கள். கண்ணகிக்கு அதற்குள் இளைப்பு. மதுரை எங்கே என்று கேட்கிறாள். கோவலன் ஆறையும் ஐந்தையும் சேர்த்துச் சொல்கிறான். பெருக்கினால் முப்பது காதம். ஆனால் காதில் விழும்போது ஆறோ ஐந்தோ என்றுதான் தோன்றும். நடக்க முடியாதவளுக்கு முப்பது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை என்று விளக்குவோர் உண்டு. வாய்பாட்டை இதைவிட உருக்கமாக யாராவது பயன்படுத்தியிருக்கிறார்களா என்று எனக்குத் தெரியவில்லை.

கவுந்தியடிகள் சொல்லும் எச்சரிக்கைகள் இன்னும் சுவையானவை. எந்தப் பக்கமாகப் போகலாம் என்று யோசிக்கிறார். வெயிலுக்கு ஒதுங்கித் தோப்பு வழியாகப் போனால், கிழங்கு தோண்டிய குழிகளைச் செண்பகப் பூ உதிர்ந்து மூடியிருக்கும்; தெரியாமல் கால் வைத்தால் விழ வேண்டியதுதான். அதைப் பார்த்து ஒதுங்கினால் தலைக்கு மேலே பழுத்துத் தொங்கும் பலா முட்டும். மஞ்சளும் இஞ்சியும் பின்னிக் கிடக்கும் இடத்தில் பலாக்கொட்டை பரல்போலக் காலில் குத்தும். சரி, வயல் வழியாகப் போகலாம் என்றால் நீர்நாய் கவ்விய வாளைமீன் துள்ளும், விலாங்கு புரளும், கண்ணகி பயந்துபோவாள். வரப்பில் நடந்தால் நண்டும் நத்தையும் காலில் மிதிபடும். அந்தப் பாவத்தைத் துறவியால் தாங்க முடியாது. இன்றைய சாலை ஆய்வாளர் பள்ளம், மரக்கிளை, கால்நடை என்று எழுதுகிற குறிப்புக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? தோப்பு மேட்டில், வயல் பள்ளத்தில். நான் முன்பு சொன்ன ஆற்றங்கரை மேடு அப்படியே இதில் இருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். ஆர்வத்தில் ‘கோவலன் நடந்த சாலை இதுதான்’ என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடக் கூடாது. அவர்கள் நடந்தது வடகரை. நம் சாலை திருவையாற்றுக்குக் கிழக்கே வடகரையில் வந்து, கும்பகோணத்துக்குப் பிறகு தென்கரையில் போகிறது. அவர்கள் திருவரங்கத்துப் பக்கம் ஓடத்தில் தென்கரை சேர்ந்து உறையூர் போனார்கள். வழி ஒன்றல்ல, வழித்தடம் ஒன்று. இலக்கியம் சொல்வது, கல்வெட்டு சொல்வது, கண்ணால் காண்பது ஆகிய மூன்றையும் தனித்தனியே வைத்துப் பேசப் பழக்குவதுதான் வரலாற்று ஆசிரியர் செய்யக்கூடிய பெரிய உதவி. பெருமைக்காக இவற்றைக் கலக்கத் தொடங்கினால், பிறகு பிள்ளை எதையும் பிரித்துப் பார்க்காது.

இனி, மேற்கிலிருந்து கிழக்கே ஒரு முறை போய்வருவோம். எல்லா ஊரிலும் இறங்கப் போவதில்லை.

கல்லணையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கரிகாலன் பெயரோடு சேர்ந்த அணை. ஒன்றை மட்டும் நினைவுபடுத்துகிறேன். ஆழம் காண முடியாத ஆற்று மணலில் எப்படி அடித்தளம் போடுவது என்பதை இந்தப் பழைய அணையிலிருந்துதான் கற்றோம் என்று ஆர்தர் காட்டன் எழுதியிருக்கிறார். முக்கொம்பு மேலணை, அணைக்கரை கீழணை இரண்டும் அந்தப் பாடத்தில் பிறந்தவை. நம் சாலை தொடங்கும் இடம் ஒரு பள்ளிக்கூடம் என்றே சொல்லலாம். ஆண்டுதோறும் ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, சில நாளில் இங்கே தண்ணீர் வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிவதைப் பார்க்க வேண்டும். திறக்காத ஆண்டுகளும் உண்டு. அந்த ஆண்டுகளில் கடைமடைப் பள்ளிகளில் வருகைப் பதிவேடு என்ன சொல்கிறது என்பதை அங்கே பணிபுரிந்தவர்கள் அறிவார்கள்.

நடுக்காவேரியில் கொஞ்சம் நிற்க வேண்டும். நாவலர் ந. மு. வேங்கடசாமி நாட்டார் 1884-இல் பிறந்த ஊர். சிலப்பதிகாரத்துக்கு அவர் எழுதிய உரை இன்றும் தமிழாசிரியர்கள் கையில் இருக்கிறது. இதே சாலையில் கிழக்கே கும்பகோணம். அங்கே அரசு கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தபோதுதான், 1892-இல், உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தார். அவர் தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கச் சேர்ந்த ஊர் மாயூரம். ஆசிரியரோடு வாழ்ந்த இடம் திருவாவடுதுறை. கதை தொடங்கும் இடம் பூம்புகார். காப்பியத்தின் களம், பதிப்பு, உரை மூன்றும் ஒரே சாலையில். இதை யாரும் திட்டமிடவில்லை. ஆனால் தற்செயல் என்றும் ஒதுக்க முடியாது. நெல் விளைந்த கரையில் மடங்கள் வளர்ந்தன; மடங்களில் ஏடுகள் தங்கின; ஏடு இருக்கும் இடத்தில் படிக்கிறவன் வந்தான். ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு ஏடு போக வழி இருந்தது.

திருவையாற்றைத் தியாகராசர் வழியாக எல்லோரும் அறிவார்கள். அவர் சமாதியின்மேல் இன்றுள்ள கோயிலை 1920-களில் தம் சொந்தப் பொருளைக் கொண்டு எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். பெண்கள் அந்த விழாவில் பாட இடம் கேட்டுப் போராடியவரும் அவர்தான். ஆராதனையைப் பற்றிப் பேசும்போது இந்தப் பெயர் விடுபடக் கூடாது.

திங்களூர் நம் உரைக்கு மிகவும் பொருத்தமான ஊர். இன்று சந்திரன் தலம் என்று வண்டி வண்டியாக வருகிறார்கள். ஆனால் இது அப்பூதியடிகளின் ஊர். நேரில் பார்த்தே இராத திருநாவுக்கரசரின் பெயரில் வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்தவர் அவர். கோடையில் அந்த வழியாக வந்த நாவுக்கரசர் பந்தலில் தம் பெயரையே எழுதியிருக்கக் கண்டு வியந்து, யார் வைத்தது என்று விசாரித்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. சாலைக்கு வரலாறு என்றால் அதில் தண்ணீர்ப் பந்தலும் சேரும், சுமைதாங்கிக் கல்லும் சேரும். தலைச்சுமையை இறக்க ஆள் துணை இல்லாத பெண்ணுக்காக, தோள் உயரத்தில் நட்ட கல் சுமைதாங்கி. உங்கள் ஊர்ப் பக்கம் ஒன்று இருக்கலாம். விளம்பரம் எழுதப் பயன்படுத்தியிருப்பார்கள், அல்லது சாலையின் மட்டம் உயர்ந்து முக்கால்வாசி புதைந்திருக்கும்.

சுவாமிமலையில் வெண்கலச் சிலை வார்க்கிறார்கள். திருபுவனத்தில் பட்டு நெய்கிறார்கள். அங்குள்ள கம்பகரேசுவரர் கோயில் மூன்றாம் குலோத்துங்கன் எடுப்பித்தது. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் நாகசுரம் கடைகிறார்கள்; பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் விட்டங்களைத் தேடி வாங்கிக் கடைவார்கள், மரம் முற்றியிருக்க வேண்டும் என்பதற்காக. மூன்று ஊர்த் தொழிலுக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. செம்பனார்கோயிலோ நாகசுர வாசிப்பில் தனக்கென ஒரு வழி கண்ட ஊர். கருவி செய்யும் ஊரும் வாசிக்கும் ஊரும் ஒரே சாலையில். ஆடுதுறையில் 1922-இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஏ.டி.டி. என்று தொடங்கும் நெல் ரகப் பெயர்களை விவசாயி வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் அறிவார்கள். அந்த எழுத்துகள் பக்கத்து ஊர்ப் பெயரின் சுருக்கம் என்பது பலருக்கும் தெரியாது.

கும்பகோணத்தைக் கடக்கும்போது மகாமகக் குளத்தையும் இராமானுசன் வாழ்ந்த வீட்டையும் சொல்வோம், சொல்ல வேண்டும். ஆனால் ஆசிரியர்கள் கூடியிருக்கும் இடத்தில், 2004 ஜூலை 16-ஐச் சொல்லாமல் அந்த ஊரைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. 94 குழந்தைகள். கூரைக் கொட்டகை, குறுகிய படி, பூட்டிய வழி என்ற சொற்கள் அன்றுமுதல் நமக்கு வேறு பொருள் தருகின்றன. அதே ஆண்டு டிசம்பர் 26-இல் சாலையின் கிழக்குக் கோடியில் கடல் ஏறியது. ஒரே ஆண்டில் இந்தச் சாலையில் எத்தனை ஆம்புலன்சு வண்டிகள் ஓடின என்பதை அக்கரையில் இருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். அன்று எட்டு வயதாக இருந்தவர்கள் இன்று உங்கள் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர்.

மயிலாடுதுறைக்குக் கிழக்கே சாலையின் தன்மை மாறுகிறது. அதுவரை தண்டவாளம் துணைக்கு வருகிறது. கும்பகோணம், ஆடுதுறை, குத்தாலம், மயிலாடுதுறை என்று ரயில் நிலையங்கள் சாலைக்குப் பக்கத்திலேயே. தஞ்சாவூர் மாவட்ட போர்டு நிலவரியோடு தனியாக ஒரு தீர்வை வசூலித்துத் தானே ரயில் பாதை போட்டது. மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு 1894-இல் அது ஓடத் தொடங்கியது. உள்ளாட்சி அமைப்பு ஒன்று தன் பணத்தில் ரயில் விட்ட செய்தியைக் குடிமையியல் பாடத்தில் தாராளமாகச் சொல்லலாம். மாயவரத்திலிருந்து மன்னம்பந்தல், செம்பனார்கோயில் வழியாகத் தரங்கம்பாடிக்கும் 1926-இல் ரயில் வந்தது, 1986-இல் நின்றது. ரயில் நின்ற பிறகு அந்தப் பக்கத்து மக்களுக்குச் சாலை ஒன்றே கதி. கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் சந்தைக்கும் அதில்தான் வர வேண்டும்.

சாலைகளைப் பராமரித்த பொறுப்பும் இப்படியே கை மாறியிருக்கிறது. ஊர்ச் சபையிடமும் கோயிலிடமும் இருந்த வழிகள், 1799-க்குப் பின் கம்பெனியின் கலெக்டரிடம் போயின; 1884-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் மாவட்ட போர்டிடம் வந்தன; 1946-இல் நெடுஞ்சாலைத் துறை தனியாக அமைந்தது. ஓரத்துப் புளிய மரங்களின் மகசூலை ஏலம் விடும் வழக்கம் மட்டும் எல்லா ஆட்சியிலும் தொடர்ந்தது.

பூம்புகாரில் சாலை முடிகிறது. பட்டினப்பாலை இந்தத் துறைமுகத்தில் குவிந்த சரக்கைப் பட்டியலிடுகிறது. கடல் வழியே குதிரை, நிலத்து வழியே மிளகு மூட்டை என்று உரைகாரர் விளக்குகிறார். மலைநாட்டிலிருந்து வரும் மிளகுக்குக் காவிரிக் கரையைவிட எளிய வழி இருந்திருக்குமா என்று ஒரு நிலப்படத்தைக் கையில் கொடுத்துப் பிள்ளைகளையே கேளுங்கள். 1960-களில் தொல்லியல் துறை கீழையூரில் தோண்டியபோது செங்கல்லால் ஆன படகுத்துறையும், படகு கட்டும் மரத்தூண்களும் வெளிப்பட்டன. பல்லவனேச்சரத்தில் புத்த விகாரம் கிடைத்தது. சிலப்பதிகாரக் கலைக்கூடம் 1973-இல் திறந்தது. சுற்றுலாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் ஆசிரியர்கள் கலைக்கூடத்தோடு திரும்பிவிடுகிறார்கள். காவிரி கடலில் கலக்கும் இடத்தையும் காட்டுங்கள். கல்லணையில் அவ்வளவு அகலமாகப் பார்த்த ஆறு, இங்கே ஒரு வாய்க்கால்போல வந்து சேர்கிறது. குடமுருட்டி, அரசலாறு என்று வழிநெடுகப் பகிர்ந்து கொடுத்துவிட்டு வந்த ஆறு அது. வழிநெடுக ஆறு சிறுக்கிறது, சாலை அகலமாகிறது.

அகலமாவது பற்றித்தான் இப்போது பேச வேண்டும். சாலை விரிவாக்கம் வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. இந்தச் சாலையில் மிதிவண்டியில் பள்ளிக்கு வரும் பெண்பிள்ளைகளை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். எதிரெதிரே இரண்டு பேருந்து வந்தால் மிதிவண்டி இறங்க வேண்டிய இடம் வாய்க்கால். அகலம் வேண்டும், அதைவிட ஓரத்தில் நடக்க இடம் வேண்டும். ஆனால் அகலப்படுத்த வரும் எந்திரத்துக்குச் சுமைதாங்கி எது, எழுத்துள்ள கல் எது, கிணற்றுக் கல் எது என்று தெரியாது. ஒப்பந்தக்காரரிடம் அந்தக் கணக்கும் இல்லை. வேலை தொடங்கும் அன்று ‘ஐயா, அந்தக் கல்லைத் தூக்கி எங்கள் பள்ளி வாசலில் வையுங்கள்’ என்று சொல்ல ஊரில் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் ஆசிரியராகத்தான் இருக்க முடியும். கல் எங்கே நின்றது என்ற குறிப்போடு வைக்க வேண்டும். இடம் தெரியாத கல் பாதி ஊமை. எழுத்து இருந்தால் தொட்டுச் சுரண்டாமல், சுண்ணாம்பு அடிக்காமல், படம் எடுத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

அதற்கு முன்னால் எது இருக்கிறது என்று தெரிய வேண்டுமே. சாலையோரத்து ஒவ்வொரு பள்ளியும் தன் பங்குக்கு இரண்டு கிலோமீட்டரை எடுத்துக்கொள்ளட்டும். பள்ளிக்கு மேற்கே ஒன்று, கிழக்கே ஒன்று. ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை காலையில், போக்குவரத்து குறைந்த நேரத்தில், போதிய ஆசிரியர்களும் பெற்றோரும் துணையாக வர, சாலையின் வெளி ஓரமாக அழைத்துப்போய் மரங்களை எண்ணச் சொல்லுங்கள். எந்த மரம், சுற்றளவு எத்தனை முழம். பாலம், மதகு எத்தனை. மதகின் சுவரில் ஆண்டு பொறித்திருந்தால் அது என்ன. தண்ணீர்த் தொட்டி, சுமைதாங்கி, சத்திரத்துச் சுவர், பழைய மைல் கல் இருந்தால் அதை வரைந்துகொள்ளட்டும். மைல் கணக்கு கிலோமீட்டராக மாறிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. இன்னும் சில மைல் கற்கள் புதருக்குள் இருக்கலாம்.

பிள்ளைகள் வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. பிற கேள்விகள் எல்லாவற்றையும்விட எனக்கு இது பிடிக்கும். சாலையோரத்துப் பழைய வீட்டுக்காரரிடம், ‘தாத்தா, உங்கள் சின்ன வயதில் தெருவிலிருந்து திண்ணைக்கு ஏற எத்தனை படி?’ என்று கேட்கச் சொல்லுங்கள். நான்கு என்பார், ஐந்து என்பார். இப்போது எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் ஒன்று இருக்கும், அல்லது தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டதால் சாலை ஏறியது, வீடு தாழ்ந்தது, மழைநீர் உள்ளே வந்தது. காணாமல்போன படிகளின் உயரத்தைக் கூட்டினால் சாலை எவ்வளவு உயர்ந்தது என்ற கணக்கு வந்துவிடும். கல்வெட்டு இல்லாத ஊருக்கு இதுவே கல்வெட்டு. இந்தக் கணக்கைப் பேரூராட்சிக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் ஒரு கடிதமாக எழுதி அனுப்பலாம். கடிதம் எழுதும் பயிற்சிக்கு ‘விடுப்பு விண்ணப்பம்’ மட்டுமா இருக்க வேண்டும்?

மேல்வகுப்புப் பிள்ளைகளுக்குக் காதக் கணக்கு. பூம்புகாரிலிருந்து திருச்சி வழியாக மதுரைக்கு இன்று ஏறத்தாழ 285 கிலோமீட்டர். கோவலன் சொன்ன முப்பதால் வகுத்தால் ஒரு காதம் ஒன்பதரைக் கிலோமீட்டர் வருகிறது. அகராதியைப் பார்த்தால் காதம் பத்து மைல் என்றிருக்கும். இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை? கோவலன் எங்கிருந்து அளக்கிறான், புகாரிலிருந்தா, சோழநாட்டு எல்லையிலிருந்தா? அவன் நடந்த வழி வளைந்ததா, நேரானதா? காதம் என்பது எல்லாக் காலத்திலும் எல்லா நாட்டிலும் ஒரே அளவா? மனைவியைத் தேற்றச் சொன்ன கணக்கை அளவுகோலாக எடுக்கலாமா? எனக்குத் தெரிந்து இதற்கு ஒற்றை விடை இல்லை. விடைக்குறிப்பு இல்லாத கேள்வியை வகுப்பில் கொடுக்க நாம் தயங்குகிறோம். இதை ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். தமிழாசிரியரையும் கணக்கு ஆசிரியரையும் அன்று வகுப்பில் சேர்த்து உட்காரவையுங்கள்.

திரட்டியதை எல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில், வலப்பக்கம் படமும் இடப்பக்கம் குறிப்புமாக எழுதச் சொல்லிப் பள்ளி நூலகத்தில் வையுங்கள். பிள்ளையின் பெயரும் தேதியும் அட்டையில் இருக்கட்டும். அடுத்த ஊர்ப் பள்ளியின் நோட்டு எங்கே தொடங்குகிறது என்பதைக் கடைசிப் பக்கத்தில் எழுதிவிட்டால் போதும். கல்லணையில் தொடங்கும் முதல் நோட்டை எடுத்தவர் ஊர் ஊராகக் கைமாற்றி மேலையூர் வரை படித்துக்கொண்டே வந்துவிடலாம். தேர்வு முடிந்த சித்திரையில் வெயில் அதிகம். தையில் அறுவடை நேரம், சாலையில் நெல் காயவைத்திருப்பார்கள், நடக்க இடமிருக்காது. ஆடியில் ஆற்றில் புதுத்தண்ணீர் வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கரை ஓரத்துக்குப் பிள்ளைகளை விட வேண்டாம்.